பன்றிக்கு மாரடைப்பு... கைதட்டினோம்!

போன வாரம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பன்றிக்கு மாரடைப்பு வந்தது. டாக்டர்கள் நாலு பேரும் கைதட்டிக் கூத்தாடினோம்!

திட்டாதீர்கள். மனுஷ இதயத்துக்கு ரொம்பக் கிட்டத்து உறவு பன்றியின் இதயம்தான். மயக்கம் கொடுத்து, அதன் இதயத்துக்குப் போகும் ஒரு ரத்தக்குழாயைக் கட்டி மாரடைப்பை வரவழைக்க வேண்டும். அதைத் தாங்கிப் பன்றி பிழைத்தால்தான் புது மருந்தைச் சோதிக்க முடியும். ஆனால் எங்கள் பன்றிகள்? கத்தியை எடுக்கும் முன்பே பொட்டென்று போயின. ஒன்றா, இரண்டா? ஐந்து!

"ஆறாவதும் போச்சுன்னா ஆராய்ச்சியை மூடிடலாம்" என்றார் புரொஃபசர். என் இரண்டு வருஷ உழைப்பு!

ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் சந்தைக்கு நானே போனேன். எங்களுக்குப் பன்றி விற்கும் சின்னப்பொண்ணு அக்காவிடம் புலம்பினேன்.

"எப்டி கொண்டு போனீங்க?" என்றார்.

"காலைக் கட்டி ஜீப்ல போட்டு... இறக்கினதும் நேரா டேபிளுக்கு."

"இன்னா டாக்டரம்மா நீங்க! மலைய வுட்டு எறங்காத ஜீவன், பயத்துலயே உசுரு போய்டும்ங்க. பத்து நாள் உங்க கையால கூழு ஊத்துங்க. கூப்ட்டா ஓடியாரணும். அப்பால தொடுங்க."

எப்படிக் கூப்பிடுவது என்றும் கத்துக்கொடுத்தார். ஆறாவது பன்றியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

எம்.டி. படித்த நான், கேழ்வரகுக் கூழ் வாளியோடு எங்கள் மருத்துவக் கல்லூரிக் கொல்லையில் நின்று "பா... பா... பா!" என்று கத்திய அழகை நினைத்துப் பாருங்கள். நர்ஸ்கள் ஜன்னலில் நின்று சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! ஒரு வாரத்தில் என் குரல் கேட்டாலே பன்றி ஓடி வந்தது.

பதினோராம் நாள் ஆபரேஷன். குழாயைக் கட்டினோம். இ.சி.ஜி. கோடு ஜிவ்வென்று மேலே ஏறியது — அசல் மாரடைப்பு! துடிப்பு தடுமாறியது. எனக்கும்தான். பிறகு மெல்ல மெல்ல... நிதானத்துக்கு வந்தது. மறுநாள் காலை எழுந்து நின்று கூழ் குடித்தது. ஜெயித்துவிட்டோம்!

அதே மிதப்பில் இதய வார்டுக்குப் போனேன். நாலாம் நம்பர் கட்டில் பெரியவர் என்னைப் பார்த்ததும் விறைத்துக்கொண்டார். கையைப் பிடித்தால் நாடி படபடவென்று அடித்தது. மூன்று நாளாக அவருடைய சார்ட்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சுரீரென்றது.

கட்டில் ஓரம் உட்கார்ந்து, "ஐயா, உங்க பேர் என்னங்க?" என்றேன்.

"ராஜமாணிக்கம்ங்க. அமிர்தி பக்கம்ங்க" என்றவர், தலையணையில் சாய்ந்துகொண்டார். நாடியின் படபடப்பு மெதுவாக அடங்கியது.

பன்றிக்குப் பயம் தெளியப் பத்து நாள் பிடித்தது. இவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.