டிவியை மறைத்து நின்றவள்

தினமும் நடவு வேலை முடிந்ததும் பெண்கள் என் டீக்கடைக்கு வருவார்கள். அவர்களில் ஒருத்திக்குப் பதினாறு வயது இருக்கும். காலில் சேறு காய்ந்திருக்கும். பெஞ்சு காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள்.

அன்று டிவியில் காமெடி. பண்ணையாள் மகன் பேன்ட் போட்டு வந்ததற்காகப் பண்ணையார் அவனை அறைகிறார். கடையே சிரித்தது. அவள் போய் டிவியை மறைத்து நின்றாள்.

"தள்ளு புள்ள, காமெடிதானே" என்றார், அவர்கள் நடும் வயலின் மிராசுதாருக்கு வேலையாட்களைக் கவனிக்கும் காரியக்காரர்.

"அடுத்த அறை பண்ணையாருக்கு விழட்டுங்க. நானும் சிரிக்கிறேன்."

"நாளைக்கு நீ நடவுக்கு வராதே."

"வருவேங்க. நாத்து நாங்க பறிச்சது."

மறுநாள் காலையில் வயலிலிருந்து நடவுக் குலவை கேட்டது. முதல் குரல் அவளுடையது.

அந்தக் காமெடி இன்னும் வருகிறது. நான் டிவியைப் பார்ப்பதில்லை. யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.