ஈரப்பலா மரத்தடியில் சரிந்த கோடு

மண் அரிப்பைத் தடுக்கும் தொழிலில் இருக்கிறவனுக்குச் சப்பாத்தில் சேறு படுவது வருடத்தில் நாலைந்து நாள்தான். மிச்ச நாளெல்லாம் மேசையும் வரைபடமும். இருந்த இடத்திலிருந்து தூரத்து ஊருக்குப் புத்தி சொல்லிச் சம்பளம் வாங்கும் சக பாவிகளே, உங்களுக்கு இது புதிதாக இராது. தொண்ணூறுகளில் நான் மெல்பேர்ன் கிளேட்டனில் ஓர் ஆலோசனை அலுவலகத்தில் இருந்தேன். பசிபிக் தீவுகளில் ஊர்மக்களே தங்கள் மலையையும் நீரூற்றையும் காக்கும் திட்டங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் வேலை.

ஊகித்த கோடு

ஒரு தீவில் ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஊற்றுக்கு மேலே செங்குத்தான சரிவு. மழையில் மண் இறங்கி ஊற்றை மூடாமலிருக்க, சரிவின் குறுக்கே வெட்டிவேர் வரிசைகள் நட வேண்டும். வரிசை முழுவதும் ஒரே உயரத்தில் போக வேண்டும். ஒரு முனை தாழ்ந்தால் மழைத்தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடி வாய்க்கால் வெட்டிவிடும். இதைப் பத்துப் பேருக்குப் பாடம் எடுத்தவன் நான். ஆனால் கையிலிருந்த வரைபடத்தில் விவரம் போதவில்லை. போய்ப் பார்க்கப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் சம உயரத்தைக் காட்டும் இடைக்கோடுகளை ஊகித்து வரைந்து அனுப்பினேன்.

ஊர்க் குழுவின் தலைவி மேரா. மூன்று கம்புகளை ஆங்கில 'A' எழுத்துப்போலக் கட்டி, நடுவே ஒரு கல்லைத் தொங்கவிட்டு மட்டம் பார்ப்பது அவர்கள் வழக்கம். ஈரப்பலா மரத்தடியில் என் கோடு கீழே சரிகிறது, தங்கள் கம்பை வைத்து மாற்றலாமா என்று அவர் கேட்டு எழுதினார். வரைபடத்தில் உள்ளபடியே நடவும் என்று பதில் எழுதினேன். பக்கத்து மேசை செல்வம், மலேசியாக்காரர், அதை வாசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு தடவ போய்ப் பாத்துட்டு எழுதலாம்லா."

நல்ல அறிக்கை

அந்த வருட மழையில் ஈரப்பலா மரத்தடியில் ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழுந்தது. மண் இறங்கி ஊற்றை மூடியது. ஊர்ப் பெண்கள் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடந்தார்கள். காரணம் கேட்டு அறிக்கை எழுதும் வேலையும் எனக்கே வந்தது. "ஊர்மக்களின் பராமரிப்பு போதாது" என்று எழுதினேன். தயங்காமல் எழுதினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அந்த ஒரு வரியால் அடுத்த கட்ட வேலையை ஊர்க் குழுவிடமிருந்து பறித்து வெளி ஒப்பந்தக்காரரிடம் கொடுக்க முடிவாயிற்று. மேராவை மெல்பேர்னுக்கு அழைத்துப் பயிற்சி கொடுப்பதென்றும் முடிவாயிற்று. மேலாளர் என் தோளில் தட்டினார். "நல்ல அறிக்கை. யார் மனமும் நோகாமல் எழுதியிருக்கிறாய்."

விமான நிலையத்தில்

மேராவை அழைத்துவர என்னைத்தான் அனுப்பினார்கள். விமானம் இறங்கி ஒரு மணி நேரம் கழித்து, ஈரச் செருப்போடு வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும், பேச்சு அளந்துதான். செருப்படியில் ஊர் மண் ஒட்டியிருந்ததென்று வெளிநாட்டு மண்ணை நாட்டுக்குள் விடாத சோதனை அதிகாரிகள் வாங்கித் தேய்த்துக் கழுவிக் கொடுத்தார்களாம். அவருக்குக் கோபமில்லை, ஆச்சரியம்தான். "இத்தனூண்டு மண்ணுக்கு இவ்வளவு கவனமா? எங்கள் மலையைப் பார்க்க உங்களில் ஒருவரும் வரவில்லையே."

காரை எங்கே நிறுத்தினேன் என்பது எனக்கு மறந்துபோயிற்று.

வெரிபீ வளவு

பயிற்சி திங்கட்கிழமை தொடங்க இருந்தது. ஞாயிறு மத்தியானம் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். வெரிபீயில் அப்போதுதான் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். வீட்டின் பின்னால் இருந்த சரிவான வளவு நிலத்தில் இன்னும் புல் பிடிக்கவில்லை. முதல் நாள் மழைக்கு எங்கள் களிமண் வேலிக்கடியால் போய் அயலவரின் கார்ப்பாதையில் படிந்து கிடந்தது. மேரா குசினி யன்னலால் பார்த்தார். மனைவி அவரிடம் அந்தச் சேற்றுக்காக ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, என்னிடம் தமிழில் சொன்னாள்: "சொந்த வளவைப் பாக்க ஏலாது, இவர் தீவுகளைக் காப்பாத்தப் போறாராம்."

பையிலிருந்த கடிதம்

சாப்பிட்ட கையோடு மேரா வெளியே போய், கட்டிட வேலையில் மிஞ்சிய மூன்று சட்டங்களைக் கயிற்றால் கட்டினார். கல் ஒன்றைத் தொங்கவிட்டு, அடி அடியாக நகர்த்தி வளவின் குறுக்கே குறியிட்டார். நான் பின்னால் கல் அடுக்கிக்கொண்டு போனேன். பாதி வளவு தாண்டியதும் என்னால் முடியவில்லை. "மேரா, அந்தக் கோடு என் பிழை. அறிக்கையும் பொய்" என்றேன்.

அவர் கம்பை விட்டு நிமிரவில்லை. "தெரியும். நீங்கள் எழுதிய பதில் என் பையில் இருக்கிறது. நாளைக்கு எல்லார் முன்னாலும் வாசிக்கக் கொண்டுவந்தேன். இனி நீங்களே வாசியுங்கள்."

மறுநாள் வாசித்தேன். மேலாளர் அதன்பிறகு என் தோளில் தட்டவில்லை. வேலை ஊர்க் குழுவிடமே திரும்பியது. ஊற்று தெளிய இன்னும் இரண்டு மழைக்காலம் பிடித்தது.

தொழிலில் நான் போட்ட கோடுகள் எத்தனையோ, ஆனால் பெருமழைக்கும் அசையாமல் நிற்கிறதென்று நானே கண்ணால் பார்த்த ஒரே வரிசை, என்னிடம் பயிற்சி பெற வந்தவர் என் வளவில் குறித்துத் தந்ததுதான்.