தேய்த்த எண்ணும் நெல்லித்தோப்பு மெக்கானிக்கும்

1958 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தே முக்கால் மணி.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி இருபத்துநாலு மைல். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் திசையில் புறப்படுகிற ஆண்பிள்ளையை எங்கள் ஊரில் யாரும் எதற்கென்று கேட்பதில்லை. சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு, அங்கே கிடையாது, அவ்வளவுதான் விஷயம். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். ஐம்பத்திரண்டு வயதில், மார்கழி விரதத்தில், நெற்றி நிறைய விபூதியோடு கிளம்பிய எனக்கு அந்தச் சிரிப்பு எரிச்சலாக இருந்தது. உண்மையான காரணத்தைச் சொன்னால் அதைவிடக் கேவலம் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

காரணம் இதுதான். நான் கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன். அண்டா, குண்டான், ஜமக்காளம் எல்லாவற்றையும் ஏற்றிப் போக 1956இல் புதுச்சேரியில் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினேன். 1947இல் பிரான்சிலிருந்து கப்பலில் வந்திறங்கியது. ஊருக்குத் திரும்பப் போன பிரெஞ்சுக்கார வியாபாரி ஒருவர் விற்றுவிட்டுப் போனது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய பாத்திரம் வாங்கினால் முந்தின சொந்தக்காரர் பெயரை அரத்தால் ராவிவிட்டு, அதே இடத்தில் எங்கள் பெயரை வெட்டிக்கொள்வோம். வண்டி வந்த அன்றைக்கும் பெயர் வெட்டுகிறவரைக் கூப்பிட்டேன். இன்ஜினுக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டத்தின் மேல் ஏதோ கீறல் கீறலாக இருந்தது. அதை வழவழவென்று ராவிவிட்டு ‘தி.கோ.’ என்று அழகாக வெட்டிக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று இன்னும் ஆழமாக வெட்டச் சொன்னேன்.

அந்தக் கீறல்தான் சேஸிஸ் நம்பர்!

இரண்டு வருஷம் ஓட்டியபின், நம் ராஜ்யத்தில் பதிவு செய்ய வண்டியைக் கடலூருக்குக் கொண்டு போனேன். வண்டிகளைப் பரிசோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “நம்பரை அழித்த வண்டி என்றால் திருட்டு வண்டி என்று அர்த்தம். யார் அழித்தது?” என்று கேட்டார். பயத்தில் “புதுச்சேரியிலேயே அப்படித்தான் கொடுத்தார்கள்” என்று சொல்லிவிட்டேன். பச்சைப் பொய். வண்டி அசல்தான் என்பதற்கு அத்தாட்சியை எட்டாம் தேதி புதன்கிழமைக்குள் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் வண்டி போலீசுக்குப் போகும் என்றார். தை மாதத்தில் எட்டுக் கல்யாணங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

காலை ஏழரை மணி.

இந்த வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால் மாட்டு வண்டி போனால், அதைத் தாண்டி என்ன வருகிறது என்று டிரைவர் ஏழுமலைக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருக்கிற நான் எட்டிப் பார்த்து “போ, போ” என்றோ “இரு, இரு” என்றோ சொல்ல வேண்டும். கிளியனூர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்ததில் தொண்டை கட்டிக்கொண்டது. எல்லையான கோரிமேட்டில் காப்பி குடித்தோம், ஆளுக்கு இரண்டணா. எதிர்ப்பக்கம் ஊர் திரும்புகிற வண்டிகளை நம் போலீஸ்காரர்கள் நிறுத்திப் பாட்டில் தேடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போகிற எங்களை ஒருவரும் சட்டை செய்யவில்லை. கதிர்காமம் தாண்டி ஊருக்குள் நுழைந்தோம்.

எட்டேகால் மணி.

நெல்லித்தோப்பு மாதா கோயிலில் பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. நாங்கள் தேடி வந்தவர் பெயர் அந்துவான். அந்தப் பிரெஞ்சுக்காரரிடம் ஒன்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். முப்பத்தெட்டு வயதிருக்கும். அந்த வியாபாரிக்காக வண்டியை எனக்கு விற்றுக் கொடுத்தவரும் இவரேதான். ஆகவே, கடலூரில் நான் சொன்ன பொய் முதலில் யார் வாசலில் போய் நிற்கும் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெள்ளைச் சட்டையும் பூட்சுமாக வந்துகொண்டிருந்தவர், வண்டியைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார். என்னைப் பார்ப்பதற்கு முன்பே அதன் பானெட்டைத் தடவிக் கொடுத்தார்.

“வாங்க முதலாளி. நல்லாருக்கீங்களா? இன்னா, கண்ணு ரெண்டையும் மாத்திப்புட்டீங்க?”

முன் விளக்குகளைச் சொல்கிறார். பல்பு பழசாகி மஞ்சள் பூத்துவிட்டதென்று நினைத்து நான் வெள்ளை பல்பு போட்டிருந்தேன்.

“பழசாயி மஞ்சளாவல முதலாளி. பிரான்சுல மஞ்ச வெளக்குதான் போடணும், சட்டம் அது. அசலே அதான்!” என்று சிரித்தார்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் சட்டத்தில் ‘தி.கோ.’ இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“இத யாரு ராவனது?”

“வாங்கும்போதே மழமழன்னுதாம்பா இருந்துது. அதுமேல பேர் வெட்டினோம்” என்றேன். இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “அப்பிடியா” என்றார். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு, கிரீஸ் படிந்த கால்சட்டையோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வேலை செய்வதில்லை என்பதை அவர் மனைவி மதலேனம்மாளின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த அம்மாள் எங்களுக்கு நீள ரொட்டியும் காப்பியும் கொண்டுவந்து வைத்தார்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை.

ஒரு பழைய வண்டியில் எது அசல், எது பின்னால் சேர்த்தது என்று கண்டுபிடிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். நட்டுக் கழற்றுகிற ஸ்பானர்ச் சாவிகளில் இரண்டு கட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று நம் ஊரில் எல்லாப் பட்டறையிலும் இருக்கிற அங்குலச் சாவி. இன்னொன்று பிரான்சு நாட்டு மில்லிமீட்டர் சாவி. மில்லிமீட்டர் சாவி கச்சிதமாகப் பிடித்தால் அந்த நட்டு வண்டியோடு வந்தது. அங்குலச் சாவி பிடித்தால் நம் ஊர்க் கைங்கரியம். அவர் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன்.

“கியர் பெட்டி அசல். பின்னாடி ஆக்ஸில் அசல். முன்னாடி ஸ்பிரிங் பட்டா ரெண்டு பக்கமும் அசல் இல்ல, ஏதோ லாரியோடது. கார்புரேட்டர் வேற. இந்த நட்டுங்கள யாரு இப்பிடி மொட்டையடிச்சது?”

“திண்டிவனத்துல ஒரு பட்டற.”

“அங்குலச் சாவியப் போட்டு முறுக்கியிருக்காரு. பாவம், வண்டி.”

நானும் ஒரு சாவியை எடுத்துக்கொண்டு கதவு, படிக்கட்டு என்று எல்லா நட்டையும் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். கதவில் பத்துக்கு எட்டு அசல். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாத்திரத்தில் வெட்டிய பெயரைப் பார்க்காமலே, விளிம்பைத் தொட்டு இது கும்பகோணம் வார்ப்பு என்று சொல்லக்கூடியவன் நான். இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு இன்ஜின் நம்பரைத் துடைத்துப் பார்த்தோம். நான் கொண்டுவந்திருந்த பிரெஞ்சுக் காகிதத்தில் இருந்த நம்பர் வேறு, இன்ஜினில் இருந்த நம்பர் வேறு. சட்டத்தில் நம்பர் இல்லை, இன்ஜினில் நம்பர் பொருந்தவில்லை. இனி இதைத் திருட்டு வண்டியில்லை என்று யார் நம்புவார்கள்?

அந்துவான் வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்து தரையில் உட்கார்ந்தார்.

“முதலாளி, இது என் வேல. அம்பத்து மூணுல பழைய இன்ஜின்ல வெடிப்பு விட்டுப்போச்சு. இதே மாதிரி இன்னொரு வண்டி ஒடஞ்சு கெடந்துது, அதோடத எடுத்துப் போட்டேன். சர்க்காருக்கு எழுதிக் குடுத்துக் காயிதத்துல ஏத்தணும். நான் ஏத்தல. நாளைக்கு நாளைக்குன்னு உட்டுட்டேன்.”

“யாருக்கும் தெரியாதா?”

“எனக்கும் கடவுளுக்கும் தெரியும். இப்ப ஒங்களுக்கும் தெரியும்.”

ஒரு மணி.

சாப்பாடு. வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு மணத்தது. நான் விரதக்காரன் என்பதை நெற்றியைப் பார்த்தே புரிந்துகொண்டு மதலேனம்மாள் எனக்கென்று தனி அடுப்பில் சுரைக்காய்க் கூட்டும் ரசமும் வைத்திருந்தார். “கறிக்கரண்டி இதுல படலீங்க, பயப்படாம சாப்புடுங்க” என்றார். சாப்பாடு நன்றாக இருந்தது. ஆனால் அந்தப் பொய்யை நினைத்து மறுசோறு வேண்டாமென்று எழுந்துவிட்டேன்.

இரண்டு மணியிலிருந்து நாலு மணி.

“இந்த வகை வண்டியில பின்னாடியும் நம்பர் வெட்டியிருப்பாங்கன்னு ஒரு ஞாபகம். ஸ்டெப்னி தொங்குற எடத்துக்கு மேல, குறுக்குச் சட்டத்துல. நான் கண்ணால பாத்ததில்ல. பின்னாடி தளத்துப் பலகையக் கழட்டுனாத்தான் தெரியும்” என்றார் அந்துவான்.

பாத்திரம் உருளாமலிருக்க அந்தப் பலகைகளை நான் பலா மரத்தில் புதிதாகப் போட்டு, ஒன்றுக்கு மூன்றாய் போல்ட்டு முடுக்கியிருந்தேன். அந்துவான், ஏழுமலை, நான் மூவரும் மாறி மாறிக் கழற்றினோம். கடைசிப் பலகையைத் தூக்கியபோது சட்டத்தின் மேல் விரற்கடை உயரத்துக்கு மண்ணும் எண்ணெயும் இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். இரும்பு கறுப்பாக வெளியே வந்தது. ஏதோ இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

“துரு தின்னுடுச்சு முதலாளி” என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது.

அங்கேதான் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. ஐம்பது வருஷம் புளி போட்டுத் தேய்த்த அண்டாவில் பெயர் தெரியாவிட்டால் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? விபூதியை அப்பி, உள்ளங்கையால் லேசாக வழித்துவிடுவோம். மேலே இருப்பது போய்விடும், பள்ளத்தில் இருப்பது தங்கும். மடியிலிருந்த விபூதிப் பையை அவிழ்த்துக் கொட்டினேன். இரும்பு காய்ந்திருக்க வேண்டும் என்று சொல்லித் துணியால் துடைத்துவிட்டு, பூசி, வழித்தேன்.

வெள்ளையாக ஒரு நாலு எழுந்து நின்றது. பிறகு ஒரு ஏழு. அந்துவான் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். நான் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகக் கேட்டேன், அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். ஆறு எண்களும் காகிதத்தில் இருந்த சேஸிஸ் நம்பரேதான். ஏழுமலை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். நானும் அழுதேன் என்று எழுதுவதில் வெட்கமில்லை.

நாலரை மணி.

அந்துவான் கை கழுவிக்கொண்டு வந்து, பட்டறை மேசையில் உட்கார்ந்து எழுதினார். ஒரு தாளில் பிரெஞ்சு, மறு தாளில் தமிழ். எது அசல், எது அசல் இல்லை, பின் சட்டத்தில் நம்பர் எங்கே இருக்கிறது, எப்படிப் பார்க்க வேண்டும் எல்லாம் எழுதினார். தமிழ்த் தாளை நான் வாங்கிப் படித்தேன். ‘1953இல் இன்ஜினை மாற்றியவன் நான். அதைச் சர்க்காரில் பதியாமல் விட்டது என் தவறு. அதற்கு வண்டியின் இப்போதைய சொந்தக்காரர் பொறுப்பல்ல’ என்று இருந்தது.

“இதப் படிச்சா ஒங்க லைசென்சுக்கே வம்பு வந்துடுமே?” என்றேன்.

“வரலாம். இத எழுதலன்னா இன்ஜின் நம்பர் ஏன் வேறயா இருக்குன்னு ஒங்களத்தான கேப்பாங்க? நீங்க இன்னா பண்ணுவீங்க?”

தாளின் அடியில் இரண்டு வரி அளவுக்கு இடம் காலியாக இருந்தது. முன் சட்டத்தில் நம்பர் எப்படிப் போயிற்று என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஏனென்று கேட்டேன்.

“நான் செஞ்சத எழுதிட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி நான் வண்டிய வுடும்போது நம்பர் இருந்துது முதலாளி, நான்தான தொடச்சு ஒங்களுக்குக் குடுத்தேன். அப்புறம் நடந்தத நான் பாக்கல. பாக்காதத எப்பிடி எழுதுறது?”

கோபமாகச் சொல்லவில்லை. காலையில் நான் வாயைத் திறந்ததிலிருந்தே அவருக்குத் தெரியும். தெரிந்துதான் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைக் கழற்றினார், தெரிந்துதான் தன் வீட்டில் எனக்குச் சுரைக்காய் போட்டார். என் பொய்யைத் தூக்கி எறிந்துவிட்டு என்னைத் துரத்தியிருக்கலாம். அல்லது இன்ஜின் விஷயத்தை அமுக்கிவிட்டு, நீயாச்சு உன் இன்ஸ்பெக்டராச்சு என்று இருந்திருக்கலாம்.

நான் பேனாவைக் கேட்டு வாங்கினேன். ‘முன் சட்டத்திலிருந்த நம்பரை எங்கள் கடை வழக்கப்படி பழைய பெயர் என்று நினைத்து ராவச் சொன்னவன் நான். கடலூரில் முன்பு நான் சொன்னது பொய்’ என்று எழுதி, திருநாவுக்கரசு மகன் கோதண்டபாணி என்று முழுப் பெயரையும் போட்டேன்.

அந்துவான் அதைப் படித்தார். பேனாவை வாங்கி, என் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அதுவரை அவர் போட்டிருக்கவில்லை.

ஐந்தேமுக்கால் மணி, கோரிமேடு.

போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, “எத்தனை பாட்டில்?” என்றார். வியர்வையில் அழிந்து நெற்றியில் விபூதியே இல்லாமல், வேட்டியெல்லாம் எண்ணெயாக, கண் சிவந்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தால் யாருமே அப்படித்தான் கேட்பார்கள். சீட்டைத் தூக்கிப் பார்த்தார், பலகையைத் தட்டிப் பார்த்தார், கடைசியில் ஏமாற்றத்தோடு போகச் சொன்னார். காலையில் ஒரு சிரிப்புக்கு எரிந்து விழ இருந்த எனக்கு அப்போது கோபமே வரவில்லை.

புதுச்சேரி எப்படிப்பட்ட ஊர் என்று கேட்கிறவர்களுக்கு என்னால் அதிகம் சொல்ல முடியாது. கடற்கரையைப் பார்க்கவில்லை, வெள்ளைக்காரத் தெருக்கள் பக்கம் போகவில்லை. எங்கள் ஊரில் கடன் கொடுப்பவர் உண்டு, சிபாரிசு செய்பவர் உண்டு. என் பொய்யைத் தெரிந்துகொண்டே எனக்காகத் தன் தப்பைத் தானே எழுதிக் கொடுத்தவரை நான் இங்கே பார்த்ததில்லை. அந்துவானுக்கும் அவர் மனைவிக்கும் நான் கடமைப்பட்டவன் என்று வெறுமனே சொன்னால் போதாது. ஆனால் வேறு எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.

புதன்கிழமை கடலூரில் இன்ஸ்பெக்டர் தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு நாங்கள் கடைசிப் பலகையைக் கழற்றிக் கொடுக்க, பின் சட்டத்தைப் பார்க்க வண்டியின் பின்புறம் ஏறினார். முழங்காலிட்டுக் குனிந்து, அங்கிருந்தே கையை நீட்டி, “அந்த விபூதி கொண்டுவந்திருக்கிறீரா?” என்று கேட்டார்.