நிற்காமல் ஓடிய எஞ்சின்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், சொந்த உழைப்பில் பழைய கார் ஒன்று வாங்கி வாடகைக்கு ஓடியவன். எங்கள் தீவூரான நாரந்தனையில் என் காரில் வேறெவரும் கை வைத்ததில்லை என்று பெருமையடித்துத் திரிந்தேன்.

ஒருநாள் எஞ்சின் இரைந்தது, கார் இழுக்கவில்லை. வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்தும் அந்தோனி, நான் கேளாமலே ஏறிக் கைப்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டார். நின்றுபோக வேண்டிய எஞ்சின் நிற்காமல் ஓடியது.

“கிளச் பிளேட் தேஞ்சுபோச்சு அண்ணை. மாத்தாமல் ஓடாதேங்கோ.”

“நீர் வள்ளத்தைப் பாரும். காரை நான் பாப்பன்.”

பிளேட்டை மாற்றாமல் கிளச் பெடலை மட்டும் சரிக்கட்டினேன். கார் ஓடியது.

மறுநாள் அயல்வீட்டு மணியத்தின் மனைவிக்குப் பிரசவ வலி. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். இருபுறமும் கடல் கிடந்த பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்று. எஞ்சின் கதறியது, கருகல் மணம் எழுந்தது, கார் அசையவில்லை. மணியமும் நானும் தள்ளிப் பார்த்தோம். வெகுநேரம் கழித்து வந்த லொறி ஒன்றுதான் அவளைக் கொண்டுபோனது. பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை.

சில நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். மணியம் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டான்.

“நீங்கள் என்ன செய்வியள் அண்ணை? பழைய கார்தானே.”

“ஓம்” என்றேன்.

பிறகு இரண்டு கார் வாங்கினேன், கல்வீடு கட்டினேன். எல்லாம் நானே செய்தது என்று இன்றும் சொல்வேன். அந்த ஒன்றை மட்டும் கார் செய்ததாக விட்டுவிட்டேன்.