டொல்பின் கண்டால் கூடுதல் காசு

யுத்தம் முடிந்து கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கிய காலம். கடற்கரையோரத்தில் ஒரு சின்ன ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலை எனக்கு. காலையில் டொல்பின் பார்க்க ஆட்களை ஏற்றிப்போகும் படகோட்டி, மன்னாரிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த மீனவர். அண்ணன் முறைக்கு நானா என்றுதான் கூப்பிடுவேன். டொல்பினைக் கண்டுவிட்டால் அவர் போடும் கூச்சல் இருக்கிறதே, யா அல்லாஹ்! காசு கட்டி வந்தவர்களைவிட அவர்தான் கூடத் துள்ளுவாராம்.

இவ்வளவு ஆசையாகச் செய்கிறவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா என்று முதலாளியிடம் வாய் திறந்தவள் நான்தான். டொல்பின் கண்ட நாளெல்லாம் சம்பளத்துக்கு மேலே கொஞ்சம் காசு என்று அவரும் ஒத்துக்கொண்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதைதான். இரண்டு மாதத்தில் நானா வந்து நின்றார்.

"நான் வேலையால நிக்கப் போறன் தங்கச்சி. பழையபடி வலைக்கே போறன்."

காசு கூடினால் மனிதனுக்கு வேலை எப்படிக் கசக்கும்? எனக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. மறுநாள் நானும் படகில் ஏறிவிட்டேன். முன்பெல்லாம் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாராம், டொல்பின்கள் தாமாகப் பக்கத்தில் வருமாம். அன்று தூரத்தில் ஒரு கூட்டம் தெரிந்ததும், நானா வாயே திறக்காமல் அதன் நடுவில் படகை விரட்டினார். எல்லாம் முங்கி மறைந்தன.

"ஏன் நானா, சந்தோசமில்லையா?"

"முந்திக் கண்டா சந்தோசம். இப்ப கண்டா, அப்பாடா, இண்டைக்குத் தப்பிட்டன் எண்டுதான் வருது. காணாட்டி ஊட்டுக்குப் போகவே வெக்கமா இருக்கு."

நானாவை ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிவிட்டு முதலாளியிடம் ஓடினேன். அந்தக் காசைச் சம்பளத்தோடு சேர்த்துவிடுங்கள், கண்டாலும் காணாவிட்டாலும் ஒன்றுதான் என்றேன்.

"அப்ப அவன் என்னத்துக்குத் தேடுவான்?"

"ஒரு மாசம் பாருங்க ஹாஜியார்" என்று கெஞ்சினேன். அரைமனதோடு ஒத்துக்கொண்டார்.

பாழாய்ப்போன கடல்! அடுத்த ஒரு கிழமை முழுக்க ஒரு வால்கூடத் தெரியவில்லை. "பாத்தியா? இனி அவன் கண்ண மூடிக்கிட்டுத்தான் ஓட்டுவான்" என்று முதலாளி என்னை வாட்டி எடுத்தார். என் வாயால் அந்த மனிதனின் வேலை போகப்போகிறதே என்று, படகு திரும்பும் நேரமெல்லாம் கரைக்கு ஓடினேன்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் படகு போகாது. அந்த வெள்ளி காலையில் ஹோட்டல் போன் அடித்தது. காற்றிரைச்சலுக்குள் நானாவின் கூச்சல்.

"தங்கச்சி! எல்லாம் தெற்கால போயிட்டு! மச்சான்ட படகுல தேடி வந்தன்! குட்டிகளோட நிக்குது, குட்டிகளோட!"

பக்கத்தில் நின்ற முதலாளிக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"இண்டைக்கு அவனுக்கு லீவல்லவா?" என்றார்.