அத்தை கொடுத்த அலுமினிய லேப்டாப்

லேப்டாப் கடைக்குப் போனால் நான் முதலில் விலையைக் கேட்பதில்லை. மூடியின் மூலையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பேன். பிறகு கீபோர்டின் நடுவில் அழுத்துவேன். குழிந்தால் அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். கடைசியாக நாலைந்து தடவை திறந்து மூடி, கீல் இருக்கும் இடத்தில் முனகல் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்ப்பேன். "மேடம், மெதுவா மேடம், புதுசு" என்று கடைக்காரர் பதறுவார். எனக்குச் சுர்ரென்று ஏறும். திறந்து மூடினால் உடைகிற சாமானை எதற்கு விற்கிறீர்கள் என்று கடை முழுக்கக் கேட்கும்படி ஒருமுறை சத்தம் போட்டேன். என் கணவர் நகர்ந்து போய் மிக்ஸிகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தக் கோபம் அவரைக் கட்டுவதற்கு வெகு காலம் முன்பே, சங்கரன்கோவிலில், நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது வந்தது.

அக்கா அப்போது இன்ஜினியரிங் கடைசி வருடம். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது, ஆவணியில் போய்ச் சேர வேண்டும். ஆனால் அப்பாவின் அக்காவுக்கு, அதாவது எங்கள் அத்தைக்கு, வேறு கணக்கு இருந்தது. துபாயில் வேலை பார்க்கும் தன் மகனுக்குத்தான் எங்கள் அக்கா என்று, அக்கா தொட்டிலில் கிடந்த நாளிலேயே தன் ஊரான சிவகிரி முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. அப்பாவிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. தாயில்லாப் பிள்ளையாக நின்ற அப்பாவைத் தூக்கி வளர்த்தவள் அத்தை. ஆபீசில் மேலதிகாரியிடமே குரலை உயர்த்துகிற மனுஷர், அத்தை வந்து உட்கார்ந்தால் தலையை மட்டும் ஆட்டுவார். அந்தத் தலையாட்டலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடம் பொங்கலுக்கு அத்தை லேப்டாப்போடு வந்தாள். அக்காவுக்கு ப்ராஜெக்ட் செய்ய ஒன்று தேவைப்பட்டது அவள் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது. சும்மா கையில் கொடுக்கவில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், நடுவில் லேப்டாப். அதன் மூடி மேல் சந்தனமும் குங்குமமும். தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்ததை வாங்கினால் சம்மதம் என்று பெரியவர்களுக்குத் தெரியும். லேப்டாப்பை அப்படித்தான் கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"அம்புட்டும் அலுமினியம் பாத்துக்கோ. ஏரோப்ளேனுக்குப் போடுத தகடாம். ஒங்க அத்தான் சொல்லுதான், மாடியில இருந்து போட்டாலும் ஒண்ணும் ஆவாதாம்" என்றாள் அத்தை. மூடியில் ஒட்டியிருந்த கண்ணாடித் தாளைக் காட்டி, "இத மட்டும் உரிச்சிராதீங்க. மினுமினுப்பு போயிரும்" என்றாள். எங்கள் வீட்டில் அதைச் சொல்லவே வேண்டாம். ஃப்ரிட்ஜ் வாங்கி மூன்று வருடம் ஆகியும் கதவில் தாள் இருந்தது. டிவி ரிமோட் பாலிதீன் பைக்குள்தான் வாழ்ந்தது.

அப்பா லேப்டாப்பைத் தூக்கினார். தேங்காய் வாங்கும்போது தட்டுவாரே, அதுபோல விரல் முட்டியால் மூடியில் ஒரு தட்டு. தாம்பாளத்திலேயே திரும்ப வைத்தார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அக்கா கும்பிட்டு எடுத்துக்கொண்டாள், வேறு என்ன செய்வாள்?

அதை அக்கா வைத்துக்கொண்ட பாடு இருக்கிறதே! மடியில் வைக்கமாட்டாள். பலகையைப் போட்டு, அதில் துண்டை விரித்து, இரண்டு கையாலும் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல வைப்பாள். என்னைத் தொடவே விடமாட்டாள். ஒரு நாள் தெரியாமல் ஓர் எழுத்தை அமுக்கிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த எழுத்துகளும் சேர்ந்து உள்ளே போய்வந்தன. ஏரோப்ளேனும் இப்படித்தான் அமுங்குமோ என்று யோசித்தேன்.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம் அக்கா மூடியைத் திறந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். முறுக்கு ஒடிவது மாதிரி ஒரு சத்தம். வலது கீலுக்குப் பக்கத்தில் மூடி இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்த ஒயர் தெரிந்தது. எப்போதும்போலத்தான் திறந்தாள், நான் என் கண்ணால் பார்த்தேன். கீல் என்னவோ இரும்புதான். அதைப் பிடித்திருந்த திருகுகள் இறங்கியிருந்தது நகக்கண் அளவு இடத்தில். கீல் முறுக்கியதும் அந்த இடம் தாங்காமல் விட்டுவிட்டது. இதில் அக்காவின் கை என்ன செய்தது? ஆனால் அவள் முகம் வெளுத்துப் போய், "அத்தைட்ட சொல்லிராத" என்றாள். சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

நான் சொல்லத் தேவையில்லாமல் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான ஆடித்தபசு வந்தது. தபசுக்கு எங்கள் வீடு சத்திரமாகிவிடும். காட்சி பார்த்துவிட்டுக் கோயிலிலிருந்து வந்த அத்தை, நெற்றியில் பிரசாதப் புற்றுமண்ணோடு நடுக்கூடத்தில் உட்கார்ந்து, ஆவணியிலேயே தேதி குறித்துவிடலாம் என்று ஆரம்பித்தாள். ஆவணியில் வேலைக்குச் சேர வேண்டும் என்று அம்மா இழுத்தாள். "வேல எங்க ஓடிப்போவுது" என்று அவளை மடக்கிய அத்தை, "அந்த லேப்டாப்ப எடுத்துட்டு வாட்டி, அத்தான் ஃபோட்டோ அனுப்பிருக்கான்" என்று அக்காவை ஏவினாள்.

அக்கா எடுத்துவந்தாள். உடைந்த பக்கம் செலோடேப் ஒட்டியிருந்தது.

அப்புறம் அத்தை பேசியதை நினைத்தால் இன்றைக்கும் என் காது சூடாகிறது. "அலுமினியத்தயே ஒடச்சிருக்காளே! பொம்பளப் பிள்ளைக்கு கை இம்புட்டு முரடா? ஒரு மூடியத் தொறக்கத் தெரியல, இவ கோயமுத்தூருல போயி கம்ப்யூட்டர் வேல பாக்கப் போறாளாக்கும்? ஏலே தம்பி, இவள அங்கன அனுப்புனா நம்ம மானம்தான் ஒடையும், சொல்லிட்டேன்." அக்கா சுவரோடு நின்றாள். அம்மா சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்பா தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலில்தான் எனக்குக் கண்மண் தெரியாமல் போயிற்று. "அக்கா மெதுவாத்தான் தொறந்தா! ஒங்க சாமான்தான் சவத்துச் சாமான்!" என்று கத்தினேன். லேப்டாப்பைப் பிடுங்கி, அந்தக் கண்ணாடித் தாளின் மூலையை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பாக இழுத்தேன். சந்தனம் குங்குமத்தோடு தாள் வந்தது. கூடவே உடைந்த பக்கத்திலிருந்து வெள்ளிப் பூச்சும் உள்ளங்கை அகலத்துக்குச் செதில் செதிலாக வந்தது. அடியில் இருந்தது கறுப்புப் பிளாஸ்டிக். எங்கள் வீட்டு வாளிக்கே அதைவிடக் கனமான பிளாஸ்டிக். "பாருங்க! அலுமினியமா இது?" என்று அத்தையின் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

அத்தை குனிந்து அந்தக் கறுப்பையே பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு அவள் மேல் இரக்கமே வரவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் இன்றைக்கும் பெரிதாக வரவில்லை.

அப்பா எழுந்து வந்தார். அக்காவுக்காகப் பேசப் போகிறார் என்று நிமிர்ந்து நின்றேன். பளாரென்று என் கன்னத்தில் ஓர் அறை. அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை. நான் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டேன். அங்கிருந்து கால்கள் மட்டும் தெரிந்தன. குரல் கேட்டது.

"அக்கா, பிள்ள பேசுனது பெரிய தப்பு. அடிச்சிட்டேன்லா? ஒன் கால்ல வேணும்னாலும் விழுதேன். ஆனா இந்தச் சாமான நீ கொண்டு போயிரு."

"குடுத்ததத் திருப்பிக் குடுத்தா என்ன அர்த்தம்னு தெரியுமாலே ஒனக்கு?"

"தெரியும்க்கா."

அத்தை அன்றே பஸ் ஏறிவிட்டாள். லேப்டாப்பை அம்மா ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். ஆவணியில் அப்பாவே அக்காவைக் கோயம்புத்தூரில் கொண்டுபோய் விட்டுவந்தார். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே படவில்லை. உண்மையைச் சொன்னவளுக்கு அடி, பொய் சொன்னவளுக்கு மன்னிப்பா என்று வருடக்கணக்கில் அப்பாவோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்காதான் பின்னாளில் சொன்னாள். கோயம்புத்தூர் பஸ்ஸில் அப்பா திடீரென்று கேட்டாராம்: "சின்னவளுக்குக் கன்னம் வீங்கிருந்துச்சா? நீ பாத்தியா?" அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "தட்டிப் பாத்த அன்னைக்கே தெரியும், பிளாஸ்டிக்குதான்னு. நா எப்படிட்டி சொல்லுவேன் எங்க அக்காட்ட" என்றாராம்.

இப்போது என்னிடம் இருப்பது நிஜமான அலுமினியம். ஊருக்குப் போனால் அப்பா அதைத் தூக்கி, முட்டியால் தட்டி, "இது கெட்டி" என்பார். நான் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருப்பேன். அவர் பேப்பரை எடுத்துக்கொள்வார்.

கட்டிலுக்கு அடியில் கிடந்த அன்று, அப்பா அத்தைக்குப் பயந்து என்னை அடித்துவிட்டார் என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஓர் அறையைக் கொடுத்துத்தான் அவர் அத்தையிடம் முடியாது என்று சொன்னார், அக்காவை மீட்டார் என்பது தெரியவில்லை. தெரிந்த பிறகும் எனக்குக் கோபம் ஆறவில்லை. கன்னம் என்னுடையது. அக்காவிடம் கேட்டதை என்னிடம் கேட்டிருக்கலாம்.