கொம்புச் சாயம் பூசிய தண்டட்டி

என்னைப் போல இன்னொரு மடையன் கம்பம் பள்ளத்தாக்கில் இருந்திருந்தால் அவனைத் தேடிப்பிடித்து ஒரு மாலை வாங்கிப் போட்டிருப்பேன். நாணயம் சேர்க்கிறவர்கள் அதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பார்கள். நான் என் நாணயங்களுக்கு மாட்டுக் கொம்புச் சாயத்தை அடித்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் வெறும் மடையன் என்ற பெயரோடு தப்பியிருக்கலாம். அவற்றை நகையாகச் செய்து, ஜில்லாவே கூடுகிற திருவிழாவில் என் அத்தையின் காதில் தொங்கவும் விட்டேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்குப் பத்து வயதிருக்கும். ஊர் கோம்பை. அப்பாவின் தங்கையான அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அவளைக் கட்டிய மாமா குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார். விசேஷத்துக்கு விசேஷம் இறங்கி வருவார். கீழே இறங்கியதும் நேராக என்னைக் கூப்பிட்டு, "கை நீட்டு மோனே" என்பார். மலையில் கிடந்து கிடந்து அவர் வாயில் மலையாளம் ஒட்டிக்கொண்டிருந்தது. நீட்டிய கையில் சக்கரம் என்கிற திருவிதாங்கூர் காசுகள் விழும். சங்கு முத்திரை போட்டவை, எழுத்து தேய்ந்தவை, புத்தம் புதுச் சக்கரங்கள். எங்கள் ஊர்க் கடையில் அதைக் கொடுத்தால் ஒரு மிட்டாய்கூடத் தரமாட்டார்கள். அதனால்தான் அவை என்னிடம் பத்திரமாக இருந்தன. அவற்றோடு, அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஓட்டைக் காலணாக்களும் சேர்ந்து, ஒரு தகர டப்பா நிறைந்துபோனது.

டப்பாவைக் குலுக்கிக் குலுக்கிச் சலித்துவிட்டது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்தது போக மஞ்சளும் நீலமும் சிவப்பும் தொழுவத்தில் மிச்சம் இருந்தன. ஒரு வேப்பங்குச்சியை மென்று தூரிகையாக்கினேன். நீலச் சக்கரத்தில் சிவப்புப் பொட்டு, மஞ்சள் காசில் நீலக் கோடு என்று ஆரம்பித்து, கம்பியில் கட்டி ஒரு கழுத்தணி செய்து முடித்தேன். முதல் வாடிக்கையாளர் எங்கள் கன்றுக்குட்டி. தாய்ப்பசு பாசத்தோடு அதன் கழுத்தை நக்கியது. நாக்கு நீலமாகிப்போன பசுவைப் பார்த்த அப்பா, பாம்பு தீண்டிவிட்டது என்று வைத்தியரைக் கூட்டிவர ஓடினார். பசுவின் வாயை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, வைத்தியர் கசப்பு மருந்தைப் புகட்டி முடிக்கிறவரை நான் வைக்கோல் படப்புக்குப் பின்னால் இருந்தேன். மருந்து நன்றாக வேலை செய்தது. மறுநாள் நாக்கு வெளுத்துவிட்டது. வைத்தியருக்கு ஊரில் நல்ல பெயர்.

இந்த வெற்றியால் எனக்குத் தலைகால் புரியாமல் இருந்த சமயத்தில்தான் சித்திரை வந்தது.

வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக அத்தை நேர்ந்திருந்தாள். மாமா ஊர் திரும்ப வேண்டும் என்பதுதான் நேர்த்தி. அதற்கு முந்தின சித்திரைக்கு வந்துவிட்டுப் போனவர் பிறகு வரவேயில்லை. போகும்போது, சொந்தமாக ஏலம் வாங்கி விற்கப்போவதாகச் சொல்லி, அத்தையின் காதில் கிடந்த தங்கத் தண்டட்டி இரண்டையும் கழற்றி வாங்கி வேட்டி முனையில் முடிந்துகொண்டார். எனக்கு அன்றைக்கு வழக்கத்தைவிட ஒரு பிடி அதிகம் காசு கிடைத்தது. மாமாவின் வியாபாரம் அமோகமாகத் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தண்டட்டி போட்ட காது சாதாரணக் காது இல்லை. சின்ன வயதிலேயே துளையிட்டு, குணுக்கு என்கிற ஈயக் குண்டைப் போட்டு இழுத்து இழுத்துத் தோள் வரைக்கும் வளர்த்த காது. அதில் நகை இல்லாவிட்டால் வெறும் வளையமாக ஆடும். எங்கள் பக்கத்தில் அப்படி வெறுங்காதோடு வருகிறவள் புருஷனைப் பறிகொடுத்தவள் என்றுதான் அர்த்தம். ஒரு வருஷமாக அத்தை சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டே நடமாடினாள். தீச்சட்டி எடுக்கையில் இரண்டு கையிலும் நெருப்பு இருக்கும். தலைப்பை யார் பிடிப்பது?

"சட்டியெல்லாம் வாங்கியாச்சு, இப்பப் போயி வரலைங்கிறியே" என்றாள் அம்மா.

"இந்தக் காதோட எப்படி மதினி வர்றது? பாக்குறவுக என்ன நெனப்பாக?"

"என் தண்டட்டியப் போட்டுக்க."

"அது உங்க ஆத்தா வீட்டுதுன்னு ஊருக்கே தெரியும். இரவல்னு தெரிஞ்சா அதுக்கு வெறுங்காதே தேவலை."

நான் தகர டப்பாவோடு தொழுவத்துக்கு ஓடினேன்.

தண்டட்டிக்குள் அரக்கை ஊற்றியிருப்பார்கள் என்று மாமாதான் ஒருமுறை சொல்லியிருந்தார். அரிவாள் பிடியில் வைக்கிற அரக்கு வீட்டில் இருந்தது. அதை உருக்கி, காசுமேல் காசு வைத்து ஒட்டிச் சின்னக் கோபுரம் மாதிரி எழுப்பினேன். உச்சியில் ஓட்டைக் காலணா. ஓட்டையில் பித்தளைக் கம்பி. பிறகு முழுக்க மஞ்சள் சாயம், ஓரத்தில் சிவப்புக் கல்லுக்காகச் சிவப்புப் புள்ளி. இன்னொன்றும் அதே மாதிரி செய்யப் பார்த்தேன், கொஞ்சம் கோணிக்கொண்டது. மாமா தந்த காசெல்லாம் தீர்ந்தது. தெருக்கோடியில் நின்று பார்த்தால் தங்கம், வாசலில் நின்று பார்த்தால் பித்தளை, பக்கத்தில் வந்தால் மாட்டுக் கொம்பு.

அத்தை கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மஞ்சளுக்கு அடியில் சங்கு லேசாகத் தெரிந்தது. அதை விரலால் தடவினாள். பிறகு காதில் மாட்டிக்கொண்டு, "எப்படி இருக்கு மருமகனே?" என்றாள்.

"பாண்டிமாதேவி மாதிரி இருக்க அத்தை" என்றேன். எங்கள் நாய் அவளை அடையாளம் தெரியாமல் குரைத்தது.

வீரபாண்டியில் ஆற்றில் முழுகி, மஞ்சள் சேலையில், வேப்பிலை செருகிய சட்டியை ஏந்தி அத்தை நடந்தாள். கூட்டத்துக்குள் எங்கள் தெருப் பெரியம்மா ஒருத்தி வந்து சேர்ந்தாள். வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் காய்ச்சல் வரும்.

"என்னத்தா, காதுல கெடக்கு. வீட்டுக்காரரு வந்துட்டாகளா?"

"காதுல கெடக்குல்ல" என்றாள் அத்தை, நடையை நிறுத்தாமல்.

பெரியம்மா கண்ணை இடுக்கிக் கிட்டே வந்தாள். வாசல் தூரம் தாண்டிக் கொம்புத் தூரத்துக்கு வந்துவிட்டாள். நான் அம்மனிடம் அவசரமாக ஒரு வேண்டுதல் வைத்தேன். அம்மன் வேறு மாதிரி முடிவு செய்துவிட்டாள்.

சித்திரை வெயில் மேலே, தீச்சட்டி முகத்துக்கு நேரே. அரக்கு என்ன செய்யும்? முதலில் மஞ்சள் இளகிக் கழுத்தில் வழிந்தது. பிறகு ஒரு சக்கரம் கழன்று தரையில் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அத்தையின் கை இரண்டும் சட்டியில் இருந்தன. காசு விழுகிற சத்தம் கேட்டதும் கூட்டத்தில் எவனோ, "ஏலே, இங்கன சூறை விடுறாகடா" என்று குரல் கொடுத்தான். நேர்த்திக்குக் காசை இறைத்துவிடுவது சூறை. எடுப்பவனுக்கு அம்மன் அருள். சின்னதும் பெரிசுமாகப் பாய்ந்தார்கள். நானும் பாய்ந்தேன். அத்தனையும் என் காசு என்று கத்தியபடி கால்களுக்கு நடுவே தவழ்ந்தேன். "ஆசையப் பாரு இவனுக்கு" என்று யாரோ தலையில் குட்டினார்கள்.

கிட்டே வந்திருந்த பெரியம்மாவும் குனிந்து ஒரு காசை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சட்டியும் எடுத்துச் சூறையும் விடுறியே தாயி. பெரிய நேர்த்திதான்" என்றாள். அப்படிப் பணிந்த குரலில் அவள் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

தவழ்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தேன். ஒரு காது வெறுமையாக ஆடியது. மறு காதில், நான் கோணலாகச் செய்த அந்தத் தண்டட்டியில், இரண்டு மூன்று காசு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. அத்தை நின்றாள். தலையை ஒரு உதறு உதறினாள். அவையும் சிதறின. அவள் சிரித்துக்கொண்டிருந்தாளா, புகைக்கு முகம் சுளித்தாளா என்று கீழேயிருந்து எனக்குத் தெரியவில்லை. சட்டியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு கோயிலை நோக்கி நடந்தாள்.

திரும்பி வரும்போது வண்டியில் நான் ஓயாமல் அழுதேன். சூறையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஓட்டைக் காலணா. அத்தை என் பக்கத்தில்தான் இருந்தாள். கழுத்தெல்லாம் மஞ்சள் கோடு, தோளில் சிவப்புச் சொட்டு. தலைப்பு முதுகில் கிடந்தது. அதை இழுத்து மூட மறந்துவிட்டாள் என்று நினைத்து நான்தான் காதை மூடிவிடப் போனேன். என் கையை மெல்ல விலக்கினாள்.

செய்த பண்டம் மோசம் என்று கோபமாக இருக்கிறாள் போலும் என்று தோன்றியது. தொழில்காரன் இல்லையா நான்? மூக்கைத் துடைத்துக்கொண்டு பேரம் பேச ஆரம்பித்தேன். "மாமா வந்து காசு குடுத்ததும் வேற செஞ்சு தர்றேன் அத்தை. அரக்கே வேணாம். கம்பியில இறுக்கிக் கட்டிட்டா விழவே விழாது."

"வேணாம்லே, இப்பத்தான் காது லேசா இருக்கு."